திருடன் யார்? கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் பிரிண்டரை இணைத்துப் பார்க்க நினைப்பீர்கள். பிள்ளைகள் "என்ன கேம் போடலாம்?" என்று பக்கத்தில் நிற்பார்கள். அவர்கள் கேட்கும் பெயர்களில் ஒன்று அமாங் அஸ். இதில் வேகமாகச் சுடவோ கார் ஓட்டவோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொய் சொல்வதும், பொய் சொல்பவரைக் கண்டுபிடிப்பதும்தான் ஆட்டமே.

"பொய் சொல்லக் கற்றுக் கொடுக்கும் விளையாட்டு எதற்கு?" என்று பெற்றோர்கள் தயங்குவது நியாயம்தான். நான் சாப்ட்வேர் இன்ஜினீயர். சொந்த ஊர் வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள கோடியக்கரை. இந்த வகை விளையாட்டை எங்கள் வீட்டில் நிறைய ஆடியிருக்கிறோம். அதில் நான் ஒரு தவறும் செய்தேன். அந்தத் தவறிலிருந்து கற்றுக்கொண்டதையும் சேர்த்து, இந்த விளையாட்டில் பொய் சொல்வது எப்படி, துப்பறிவது எப்படி என்று இப்போது பார்க்கலாம்.

சீட்டுக் குலுக்கலில் இருந்து தொடங்குவோம்

இது நமக்குப் புதிய விளையாட்டு அல்ல. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று துண்டுச் சீட்டுகளில் எழுதி, மடித்துக் குலுக்கிப் போட்டு ஆடாதவர்கள் நம்மில் குறைவு. விதிகளும் மதிப்பெண்களும் ஊருக்கு ஊர் மாறும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியில் கரையைக் கடந்தது. அப்போது நான் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படித்துக் கொண்டிருந்தேன். பஸ் ஓடத் தொடங்கியதும் ஊருக்கு வந்தேன். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மொபைலில் சார்ஜ் இல்லை. இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து இந்தச் சீட்டு ஆட்டத்தைத்தான் ஆடினோம்.

எங்கள் வீட்டு விதி இது. போலீஸ் மட்டும் சீட்டைக் காட்ட வேண்டும். மற்ற நான்கு பேரிடமும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். பிறகு திருடன் யார் என்று சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் போலீஸின் மதிப்பெண் திருடனுக்குப் போய்விடும். கண்ணை மூடிக் கொண்டு கை காட்டினால் நான்கில் ஒரு வாய்ப்பு, அதாவது 25 சதவீதம். கேள்வி கேட்டு அதை 25க்கு மேல் கொண்டு போவதுதான் போலீஸின் வேலை. அதை 25லேயே நிறுத்தி வைப்பது திருடனின் வேலை.

எங்கள் அத்தையிடம் மட்டும் யாராலும் ஜெயிக்க முடியவில்லை. ராஜா வந்தாலும் திருடன் வந்தாலும் சீட்டை ஒரே மாதிரிப் பார்ப்பார். ஒரே மாதிரி மடித்து முந்தானையில் முடிந்து கொள்வார். எந்தக் கேள்விக்கும் "நான் மந்திரி" என்ற ஒரே பதில்தான். ராணி வந்த போதும் அதையேதான் சொல்வார். அவர் நன்றாகப் பொய் சொன்னார் என்பதை விட, உண்மை சொல்லும் போதும் பொய் சொல்லும் போதும் வித்தியாசமே காட்டவில்லை என்பதுதான் சரி. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மாஸ்கோவில் பிறந்த மாஃபியா

சீட்டு ஆட்டத்தில் போலீஸ் ஒருவர்தான் யோசிக்கிறார். எல்லோரும் சேர்ந்து பேசி, ஓட்டுப் போட்டு முடிவு செய்தால் எப்படி இருக்கும்? 1980களின் பிற்பகுதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் டிமிட்ரி டேவிடாஃப் உருவாக்கிய மாஃபியா என்ற விளையாட்டு இப்படிப்பட்டதுதான். ஒரு சிலர் ரகசியமாக மாஃபியா. அவர்களுக்குள் யார் யார் என்று தெரியும். மற்றவர்கள் குடிமக்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. இரவில் மாஃபியா ஒருவரை நீக்கும். பகலில் எல்லோரும் பேசி, சந்தேகப்படும் ஒருவரை ஓட்டுப் போட்டு வெளியேற்றுவார்கள். 1997ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ பிளாட்கின் இதையே ஓநாய் மனிதன் கதையாக மாற்றினார். அது வேர்வூல்ஃப்.

அமெரிக்காவின் இன்னர்ஸ்லாத் நிறுவனம் 2018ல் வெளியிட்ட அமாங் அஸ் இதன் கம்ப்யூட்டர் வடிவம். முதல் இரண்டு வருடம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2020ல் ஊரடங்கு காலத்தில்தான் உலகம் முழுக்கப் பரவியது.

அமாங் அஸ்: விதிகள் சுருக்கமாக

ஒரு விண்வெளிக் கப்பலில் வண்ண வண்ண உடை அணிந்த பொம்மைகள் இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் க்ரூமேட்டுகள். வயர் இணைப்பது, குப்பை கொட்டுவது போன்ற சிறு வேலைகளை இவர்கள் முடிக்க வேண்டும். ஒருவரோ, இருவரோ, மூவரோ இம்போஸ்டர்கள், அதாவது திருடர்கள். இவர்கள் வேலை செய்வது போல நடித்துக் கொண்டே, தனியாகச் சிக்குபவரை முடித்து விடுவார்கள். யாராவது உடலைப் பார்த்தால் ரிப்போர்ட் பட்டனை அழுத்தலாம். உடனே மீட்டிங் தொடங்கும். பேசி முடித்து ஓட்டுப் போட வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவர் வெளியே. சமமாக விழுந்தால் யாரும் வெளியேற மாட்டார்கள். எல்லா வேலையும் முடிந்தாலோ, இம்போஸ்டர் வெளியேறினாலோ க்ரூமேட்டுகளுக்கு வெற்றி. இரு தரப்பின் எண்ணிக்கையும் சமமாகி விட்டால் இம்போஸ்டருக்கு வெற்றி.

மொபைலில் இது இலவசம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பணம் கட்டி வாங்க வேண்டும். அதிகாரப்பூர்வமான ஸ்டோரில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். "எல்லாம் ஓபன் ஆன வெர்ஷன்" என்று வேறு எங்காவது கிடைத்தால் தொடாதீர்கள். அதில் வைரஸ் இருக்கலாம். பிள்ளைகள் ஆடும் போது முன்பின் தெரியாதவர்களின் அறைக்குள் போக விடாமல், நீங்களே பிரைவேட் அறை உருவாக்கி அதன் கோடை தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

2020 செப்டம்பரில் நான் கோடியக்கரையில் இருந்தபடியே அலுவலக வேலை பார்த்தேன். சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஆனால் இந்த கேமில் லோக்கல் என்று ஒரு வசதி உண்டு. ஒரே வைஃபையில் இருப்பவர்கள் இன்டர்நெட் இல்லாமலேயே ஆடலாம். என் மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஒரு லேப்டாப்பும் மற்றவர்களின் மொபைல்களுமாக அண்ணன் தம்பி தங்கைகள் ஏழு பேர் திண்ணையில் உட்கார்ந்து ஆடுவோம். ஏழு பேரில் ஒருவர் இம்போஸ்டர்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஏழு பேரில் ஒருவர்தானே, சுலபமாகப் பிடித்து விடலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மீட்டிங்குக்கு முன்பும் ஒருவர் போய்விடுகிறார் என்று வைத்துக் கொள்வோம்.

ஏழு பேரில் ஒருவர் போனதும் ஆறு பேர் கூடுகிறோம். தவறான ஆளை வெளியேற்றினால் ஐந்து. அடுத்து இன்னொருவர் போனதும் நான்கு பேர் கூடுகிறோம். மறுபடியும் தவறு செய்தால் மூன்று. அதில் ஒருவர் போனால் இரண்டே பேர். ஆட்டம் முடிந்தது. மூன்றாவது மீட்டிங்கே கிடையாது. அதாவது ஒரு தவறுக்குத்தான் இடம். இரண்டாவது தவறோடு எல்லாம் முடிந்து விடும்.

இப்போது யாரும் பேசாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டே ஆளை வெளியேற்றுவதாக வைத்துக் கொள்ளுங்கள். முதல் முறை தவற 6ல் 5 வாய்ப்பு. இரண்டாம் முறை தவற 4ல் 3 வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் 24ல் 15. மிச்சம் 24ல் 9, அதாவது 37.5 சதவீதம் க்ரூமேட்டுகளுக்கு வெற்றி. நாங்கள் கத்திக் கத்திப் பேசி முடிவெடுத்த முதல் இரண்டு வாரங்களில் எங்கள் வெற்றி இதைக் கூடத் தொடவில்லை. பேசாமல் சீட்டுக் குலுக்கியிருக்கலாம்!

ஏன் இப்படி? 2008ல் மார்க் பிரேவர்மன், ஓமித் எடெசாமி, எல்சனன் மோசல் ஆகிய மூவர் மாஃபியா விளையாட்டைக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துப்பறிபவர் என்ற தனிப் பாத்திரம் இல்லாத ஆட்டத்தில், மாஃபியாவின் எண்ணிக்கை மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டி இருந்தாலே இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒப்பிடக் கூடிய வாய்ப்பு வந்து விடும் என்று காட்டினார்கள். தகவல் தெரிந்த சிலர், தகவல் தெரியாத பலரைச் சமாளித்து விட முடியும். ஆகவே க்ரூமேட்டுகளுக்குத் தேவை ஆள்பலம் அல்ல, தகவல்.

நான் செய்த தவறு

எங்கள் ஏழு பேரில் சித்தி மகளுக்கு அப்போது 13 வயது. அதிகம் பேச மாட்டாள். மீட்டிங் தொடங்கியதும் எல்லோரும் கத்துவோம். அவள் ஸ்க்ரீனைப் பார்த்துக் கொண்டு சும்மா இருப்பாள். நான் உடனே, "பாருங்க, வாயே திறக்கல. இவதான்!" என்பேன். வயதில் மூத்தவன், சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? எல்லா ஓட்டும் அவளுக்கு விழும். அடுத்த நிமிடம் ஆட்டம் தொடரும். அவள் திருடன் இல்லை என்று தெரியும். எல்லோரும் சிரிப்போம்.

அந்த மாதமே டிவி மேல் வைத்திருந்த 500 ரூபாய் காணாமல் போனது. வீட்டில் எல்லோரிடமும் கேட்டார்கள். எல்லோரும் "நான் இல்லை" என்று சத்தமாகச் சொன்னார்கள். சித்தி மகள் தலையைக் குனிந்து கொண்டு நின்றாள். விளையாட்டில் வந்த அதே வாக்கியம் என் வாயில் வந்தது: "இவ ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்குறா?" எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துத் துவைக்கப் போட்ட அப்பாவின் சட்டைப் பையில் நோட்டு மடித்தபடி கிடைத்தது. அவர்தான் எடுத்து வைத்து மறந்திருந்தார். அவள் அதற்குப் பிறகு திண்ணைக்கு வரவில்லை. கூப்பிடப் போன போது ஒன்று மட்டும் கேட்டாள்: "அண்ணே, நான் எப்பவும் இப்படித்தானே இருப்பேன்?"

அவள் கேட்ட ஒரு கேள்வியில் துப்பறியும் கணக்கு முழுவதும் இருக்கிறது. எப்படி என்று பாருங்கள். அவள் நல்லவளாக இருக்கும் போது 10 ஆட்டத்தில் 9ல் மௌனம். திருடனாக இருக்கும் போதும் 10ல் 9ல் மௌனம். அப்படியானால் அவளுடைய மௌனம் எனக்கு எதையும் சொல்லவில்லை. என்னைத் தவிர்த்த ஆறு பேரில் ஒருவர் என்ற கணக்கில் அவள் மேல் இருந்த சந்தேகம் 6ல் 1. மௌனத்தைப் பார்த்த பிறகும் அதே 6ல் 1தான்.

மாமா பையனோ வாயாடி. அவன் நல்லவனாக இருந்தால் 10ல் 2 ஆட்டத்தில்தான் பேசாமல் இருப்பான், திருடனாக இருந்தால் 10ல் 8ல் பேசாமல் இருப்பான் என்று வைத்துக் கொள்வோம். அவன் மௌனமாக இருந்தால் சந்தேகம் நான்கு மடங்கு கனம் பெறும். 1க்கு 5 என்று இருந்தது 4க்கு 5 ஆகும். அதாவது 9ல் 4, சுமார் 44 சதவீதம். மௌனம் ஒன்றுதான். ஆளைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறுகிறது.

முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பேன் என்று பலர் சொல்வார்கள். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபவுலோ இருவரும் இதைப் பற்றிய ஏராளமான சோதனைகளின் முடிவுகளை ஒன்று சேர்த்து 2006ல் வெளியிட்டார்கள். பொய்யா உண்மையா என்று மனிதர்கள் சரியாகச் சொல்வது சராசரியாக 54 சதவீதம். நாணயம் சுண்டிப் போட்டாலே 50 வரும்!

துப்பறிய நான்கு வழிகள்

அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதுபவர். "யார் என்ன சொன்னான்னு எழுதி வை. சாயங்காலம் கூட்டிப் பார்த்தா இடிக்கிற இடம் தானா தெரியும்" என்றார். அதைத்தான் செய்தோம்.

1. எழுதுங்கள். எக்ஸெல்லைத் திறந்து நான்கு காலம் போடுங்கள்: பெயர், எந்த அறையில் இருந்ததாகச் சொன்னார், யாரைப் பார்த்ததாகச் சொன்னார், யாருக்கு ஓட்டுப் போட்டார். ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஒரு ஷீட். நோட்டுப் புத்தகமும் போதும்.

2. இடிக்கும் இரண்டு வாக்கியங்களைத் தேடுங்கள். "நீலம் வென்டில் நுழைந்ததைப் பார்த்தேன்" என்று பச்சை சொல்கிறார். நீலம் மறுக்கிறார். இருவரில் ஒருவர் பொய். இம்போஸ்டர் ஒருவர்தான் என்றால், மற்ற எல்லோரும் அந்த நொடியில் சந்தேகத்திலிருந்து விடுபடுகிறார்கள். முதல் மீட்டிங்கிலேயே இது கிடைத்தால் வெற்றி உறுதி. ஒருவரை வெளியேற்றுங்கள். ஆட்டம் தொடர்ந்தால் அடுத்த மீட்டிங்கில் மற்றவர். இதே தகவல் இரண்டாவது மீட்டிங்கில் கிடைத்தால் பாதிக்குப் பாதிதான். எனவே பார்த்ததை உடனே சொல்லி விடுங்கள். பச்சை தவறாகப் பார்த்திருக்கவும் கூடும். அதனால் எந்த அறை, எந்தப் பக்கம் என்று கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள்.

3. பேச்சை விடச் செயலைப் பாருங்கள். இம்போஸ்டர் வேலை செய்வது போல நிற்கலாம், ஆனால் மேலே உள்ள டாஸ்க் பார் நகராது. விஷுவல் டாஸ்க்ஸ் செட்டிங்கை ஆன் செய்திருந்தால் மெட்பே ஸ்கேன் போன்ற சில வேலைகள் மற்றவர் கண்ணுக்கும் தெரியும். அதைச் செய்து காட்டியவர் நிச்சயம் க்ரூமேட்.

4. ஆளை அவரோடே ஒப்பிடுங்கள். மற்றவரோடு ஒப்பிடாதீர்கள். "இவர் வழக்கமாக எப்படி இருப்பார்? இன்று எது மாறியிருக்கிறது?" என்பதுதான் கேள்வி.

இம்போஸ்டர் நீங்கள் என்றால்?

நோட்டு எழுதும் கூட்டத்திடம் தப்பிக்கவும் வழி உண்டு.

முதலாவது, அத்தையின் வழி. க்ரூமேட்டாக இருக்கும் ஆட்டங்களில் எப்படி நடக்கிறீர்களோ அப்படியே நடந்து கொள்ளுங்கள். நல்ல பொய்க்கான தயாரிப்பு, உண்மை சொல்லும் ஆட்டங்களில்தான் நடக்கிறது.

இரண்டாவது, பொய்யைக் குறையுங்கள். போன அறைகளை உண்மையாகவே சொல்லுங்கள். ஒரே ஒரு இடத்தை மட்டும் மறையுங்கள். பொய் கூடக் கூட இடிக்கும் வாக்கியங்களும் கூடும்.

மூன்றாவது, முதல் ஆளாகக் குற்றம் சாட்டாதீர்கள். தவறான ஆள் வெளியேறியதும் "யார் ஆரம்பித்தது?" என்ற கேள்வி வரும். கேள்வி மட்டும் கேளுங்கள். பழியை வேறொருவர் சொல்லட்டும்.

நான்காவது, கவனத்தைத் திருப்புங்கள். இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊர் ஆள்காட்டிக் குருவி. தரையில் முட்டையிடும் பறவை அது. நாம் நெருங்குவது தெரிந்ததும் கூட்டை விட்டுச் சத்தமில்லாமல் விலகிப் போய், வேறோர் இடத்தில் நின்று கத்தித் தீர்க்கும். சத்தம் வரும் இடத்தில் தேடினால் முட்டை கிடைக்காது. உடல் கிடந்த அறையைப் பற்றிப் பேச்சு வரும் போது, வேறு எதையாவது பெரிதாக்குபவர் ஆள்காட்டியாக இருக்கலாம். நீங்கள் க்ரூமேட் என்றால் இதையும் நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். ஆனால் சத்தம் போடுவதே வழக்கமான மாமா பையன்களுக்கு நான்காம் வழி பொருந்தும் என்பதை மறந்து விடாதீர்கள்!

கடைசியாக

சித்தி மகளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஒரு நிபந்தனையோடு திரும்ப வந்தாள். நோட்டை அவள்தான் எழுதுவாள். அதன் பிறகு எங்கள் மீட்டிங்குகளில் சத்தம் குறைந்தது. யாராவது "இவன்தான்!" என்று கத்தினால், "எந்த மீட்டிங்ல, என்ன சொன்னதை வச்சு?" என்று பக்கத்தைப் புரட்டுவாள். அவள் இம்போஸ்டராக வந்த ஆட்டங்களில் நாங்கள் திணறினோம். அப்போதும் அதே அமைதி, அதே நோட்டு, அதே கேள்வி.

பெற்றோர்களுக்கு என் பதில் இதுதான். இந்த விளையாட்டில் பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுவதைப் பற்றிக் கவலைப்படுவதை விட, ஆதாரம் இல்லாமல் பழி சொல்லப் பழகுகிறார்களா என்று கவனியுங்கள். பொய் ஆட்டத்தோடு முடிந்து விடும். பழி சொல்லும் பழக்கம் வீட்டுக்குள் வந்து விடும். எனக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான்கைந்து பேர் கூடினால், முதலில் துண்டுச் சீட்டில் ஆடிப் பாருங்கள். பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கலாம். எக்ஸெல்லில் நான்கு காலம் போட மறக்க வேண்டாம்.